உப்புக் கோட்டுக்கு உள்ளே

ஆனைஸ் பிடரிக்குப் பின்னால் விரலைக் கொண்டுபோய் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நேற்று மாலை கழுத்துக் கயிற்றில் அவள் போட்டது இரண்டு முடிச்சுதான். அதில் சந்தேகமே இல்லை. மூன்றாவதைப் போட முடியாமல் தோள்பட்டை கடுத்துப்போய், போதும், மாந்திரீகத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டுதான் கையை இறக்கியிருந்தாள். இப்போது குளியலறைக் கண்ணாடியின் முன்னால், வாயில் பற்பசை நுரையோடு தடவிப் பார்க்கும்போது மூன்று இருந்தன. முதல் இரண்டும் பழக்கமில்லாத கை போட்டவை, தொளதொளவென்று கிடந்தன. மூன்றாவது சின்னதாக, இறுக்கமாக, நாள் முழுக்கப் பொட்டலம் கட்டிப் பழகியவர் போட்டதைப்போல் இருந்தது. தூக்கத்தில் புரண்டதில் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நூல் தானாகச் சிக்கிக்கொள்ளும், தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் எட்டரைக்கு மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் கவுண்டரைத் திறக்க வேண்டியவளுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது? கழுத்தைச் சுற்றி ஒரு ஸ்கார்ஃபைப் போட்டுக்கொண்டு மெத்ரோவுக்கு ஓடினாள்.

அவள் வேலை அந்த மேரியில் திருமணப் பதிவுப் பிரிவில். முப்பத்தொரு வயது, தனி ஆள். புறநகர்ப் பகுதியான பொண்டியில் அம்மா செசிலின் வீட்டை விட்டு மார்க்ஸ் டோர்மோய் பக்கத்தில் இந்த நாலாவது மாடி அப்பார்த்மானுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கறிக்குழம்போடு சேர்த்து ஒரு மாப்பிள்ளையும் பரிமாறப்பட்டான். புதுச்சேரியிலிருந்து ஒருவன், லியோனிலிருந்து ஒருவன், விவாகரத்தானவன் ஒருவன். கடைசியில் ஒரு நாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "நான் எனக்கு மட்டும்தான் சொந்தம்" என்று பிரெஞ்சில் சொன்னாள். அதற்குத் தமிழில் பதில் வந்தது. அடுத்த மாதம் வீடு பார்த்துவிட்டாள்.

சூனியம் பழகத் தொடங்கியது அதற்குப் பிறகு. முதலில் விளையாட்டுத்தான். போனில் யாரோ ஒரு பெண் பௌர்ணமி இரவில் ஜாம் போத்தலில் தண்ணீர் பிடித்து ஜன்னலில் வைப்பதைப் பார்த்து, இவளும் வைத்தாள். பிறகு கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். எந்த நிறத்துக்கு என்ன குணம், எந்த வேருக்கு என்ன காவல் என்று குட்டி எழுத்தில் எழுதினாள். வாசற்படிக்கு உட்புறம் சுவரிலிருந்து சுவர்வரை உப்பால் ஒரு கோடு போட்டாள். கெட்டது எதுவும் தாண்டி வராதாம். நாள் முழுக்க அடுத்தவர் கல்யாணங்களுக்கு முத்திரை குத்திவிட்டு வருகிறவளுக்கு அந்த நோட்டும் மெழுகுவத்தியும் மட்டும்தான் தன்னுடையவையாகத் தெரிந்தன. நாளாக நாளாக அவளுக்கு அது நிஜமாகவே பிடித்துப்போனது.

திங்கட்கிழமை செய்த சடங்கை அவளே அமைத்தாள். தன்னைத் தனக்கே கட்டிக்கொள்ளும் சடங்கு. வீடியோவில் வருகிற செடிகளெல்லாம் யாரோ ஒருத்தியின் ஊர்ச் செடிகள், என் சடங்கில் என் ஆட்களின் பொருள் இருக்கட்டும் என்று ரூ பெர்தொனே தெருவில் உள்ள பூசைச் சாமான் கடைக்குப் போனாள். மஞ்சள் நிறம் துணிவுக்கு, ஆகவே மஞ்சள் கயிறு. வேர் காவலுக்கு, ஆகவே ஒரு மஞ்சள் கிழங்கு. கடைக்கார அம்மாள் தில்லைநாயகி யாழ்ப்பாணத்துக்காரர். கயிற்றையும் கிழங்கையும் பார்த்துவிட்டு இவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆருக்குப் பிள்ளை கலியாணம்?"

"கல்யாணமெல்லாம் இல்ல ஆன்ட்டி. வீட்டுக்கு. சும்மா."

தில்லைநாயகி கல்லாவுக்கு அடியில் கைவிட்டார். ஒரு வெற்றிலையை எடுத்து, அதில் துளி குங்குமம் வைத்து, கயிற்றை அதன்மேல் வைத்து நீட்டினார். "உந்தக் கயிறை வெறுமனே குடுக்கக் கூடாது" என்றார். வாடிக்கையாளருக்கு இனாம் போலிருக்கிறது என்று ஆனைஸ் நினைத்துக்கொண்டாள்.

சுடர் சாட்சிக்கு என்று நோட்டில் இருந்தது. மெழுகுவத்தி ஏற்றினாள். தானியம் நிறைவுக்கு என்று இருந்தது. பச்சரிசியில் மஞ்சள் தூளைப் பிசறித் தன் தலையில் தானே தூவிக்கொண்டாள். அலமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று, கிழங்கு கோத்த கயிற்றைக் கழுத்தில் கட்டினாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த தாலி, அம்மாவின் கழுத்தில் கிடக்கும், கிறிஸ்தவர்கள் போடும் புறா பதித்த தங்கம்தான். பொண்டியில் அவள் போன கல்யாணங்களிலும் எல்லாம் தங்கம்தான். அதனால் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. கண்ணாடியில் தன் முகம் நன்றாக இருந்தது என்று மட்டும் நோட்டில் எழுதி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்து கதவைத் திறந்தபோது வாசனை வந்தது. பலமுறை காய்ந்த எண்ணெய், வெங்காயம், பாத்திரம் கழுவும் திரவம், அவற்றுக்கு அடியில் ஈரக் கம்பளிக் கோட்டின் புழுக்கம். அவள் குடியிருக்கும் லா ஷாப்பெல் பகுதியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதோ ஒரு கடையின் பொரியல் வாசனை ஏறி வரும் என்பதால் அவள் அதைப் பெரிதாக நினைக்காமல், நவம்பர் மாதத்து ஐந்து மணி இருட்டுக்குள் கையை நீட்டி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். சாத்தச் சாத்த வாசனை கூடியது.

புதன்கிழமை, அவள் கண்டபடி கழற்றிப் போடும் செருப்புகள் சுவரோரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நுனி வீட்டுக்குள்ளே பார்த்தபடி. அவற்றுக்குப் பக்கத்தில் தரை சுத்தமாகத் துடைக்கப்பட்டு, இன்னொரு ஜோடி வைக்கும் அளவுக்கு இடம் விடப்பட்டிருந்தது.

வியாழக்கிழமை காலையில் சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவள் முந்தின நாள் ரொட்டியைக் கையில் வைத்தபடியே தின்றுவிட்டுப் படுத்தவள். படுக்கைக்குத் திரும்பிப் போய், கட்டிலின் மறுபாதியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். துணி சூடாக இருந்தது. சத்தமில்லாமல் கையை எடுத்தாள். ஏன் சத்தமில்லாமல் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும்போதுதான் உப்புக் கோட்டைக் குனிந்து பார்த்தாள். அவள் போட்டது சூப்பர்மார்க்கெட்டின் தூள் உப்பு. நாளாவட்டத்தில் அங்கங்கே கலைந்துபோயிருந்தது. இப்போது கலைந்த இடமெல்லாம் கல் உப்பு போட்டு, கையால் அணைத்து, விரல் தடம் தெரிய நேராக்கப்பட்டிருந்தது. விரல்கள் வீட்டுப் பக்கமிருந்து வந்திருந்தன. வெளியிலிருந்து வருவதை உப்பு தடுக்கும் என்று சொன்னவர்கள், ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கோட்டை மிதிக்காமல் தாண்டி வெளியே போனாள். கீழே தபால் பெட்டியில் அவள் பெயர்ச் சீட்டு ஓரத்தில் கிழிந்து தொங்கியது. அதற்கு அடியில் பழைய சீட்டு ஒன்று. கே. குலசேகரம். எட்டு மாதமாக அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை அவள் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் நேராக ரூ பெர்தொனேக்குப் போனாள். தில்லைநாயகி கடையில் சாமி படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார். ஆனைஸ் ஸ்கார்ஃபை விலக்கிக் காட்டினாள். திரியைத் தூண்டிய கை அப்படியே நின்றது.

"இது என்ன ஆன்ட்டி?"

"என்னெண்டு தெரியாமலோ கட்டினனீர்? தாலிக் கயிறெல்லோ. எங்கடை ஆக்கள் தங்கக் கொடிதான் போடுறது. உங்கடை பக்கத்திலை மஞ்சள் கிழங்கு கோத்துக் கட்டுவினம்." குரலைத் தாழ்த்தினார். "ஆர் கட்டினது?"

"நானேதான். ரெண்டு முடிச்சு. மூணாவது நான் போடல."

தில்லைநாயகி அவளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். தொடவில்லை.

"எங்கை பிள்ளை இருக்கிறீர்?"

ஆனைஸ் தெருவைச் சொன்னாள். நாலாவது மாடி, கீழே துணி வெளுக்கும் கடை.

"குலசேகரம் அண்ணை இருந்த வீடெல்லோ உது" என்றார் தில்லைநாயகி. "றெஸ்ரோறன்ரிலை குசினி வேலை, வெங்காயம் வெட்டுறதும் கோப்பை கழுவுறதும். இருவத்தெட்டு வருசம். ஊரிலை ஒரு பிள்ளையைப் பேசி வைச்சவை, இவருக்குப் பேப்பர் கிடைக்கிறதுக்குள்ளை அது வேறை இடம் கட்டிப் போட்டுது. பிறகு மனுசன் கட்டவே இல்லை. அந்த வீட்டுக்குள்ளைதான் செத்தவர். மூண்டு நாள் ஒருதருக்கும் தெரியாது."

"ஒரு கத்தரிக்கோல் குடுங்க ஆன்ட்டி. இங்கயே வெட்டிடறேன்."

"ஐயோ, என்ரை கடையிலை ஏலாது." அவர் மேசை இழுப்பறையை இடுப்பால் அழுத்திச் சாத்தினார். முகத்தில் இரக்கம் இருந்தது, பயம் அதைவிட அதிகமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். இஞ்சை வைச்சுத் தாலி அறுக்கிறதோ?"

"அப்போ எப்பத்தான் கழட்டறது?"

"அதைக் கட்டினவன் செத்தால்தான் பிள்ளை."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் அது உறைத்தது. செத்தவன் இன்னொரு தரம் எப்படிச் சாவான்? தில்லைநாயகி விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொண்டிக்கே போயிருக்கலாம். பிறகு அவள் பல தடவை இதை நினைத்தாள். ஆனால் கழுத்தில் தாலியோடு அம்மாவின் முன்னால் போய் நிற்பதா? கத்தரிக்கோல் வீட்டில், நடந்தால் பத்து நிமிடம். வெட்டிய கயிற்றைக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டு, பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் போட்ட விளக்கல்ல. எண்ணெய் வாசனை தொண்டையில் ஒட்டியது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, அலமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று, கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் ஓர் அலகை நுழைத்தாள். இரும்பு குளிர்ந்தது. விரல்களை மூடப் போனாள்.

மூட முடியவில்லை.

அவள் கையின் மேல் இன்னொரு கை இருந்தது. கண்ணாடியில் தெரியவில்லை. தோலில் தெரிந்தது. குளிர்ந்த கையாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வெதுவெதுப்பாக, ஈரமாக, நாளெல்லாம் சுடுதண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். அவை கோபப்படவில்லை. குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல் ஒவ்வொரு விரலாக விரித்து, கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டன. சமையலறையில் இழுப்பறை திறந்தது. மூடியது.

அவள் வாசலுக்கு ஓடினாள். பூட்டு திரும்பியது, கதவு வரவில்லை. தோளால் இடித்தாள். அந்தப் பக்கம் மாடிப்படியில் யாரோ பேசிக்கொண்டே இறங்கினார்கள். கத்தினாள். அவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. கால்களால் உப்பைச் சிதறடித்தாள். அழுது களைத்து, அங்கேயே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலையில் கண் விழித்தபோது அவள்மேல் போர்வை போர்த்தியிருந்தது. உப்பு நேராக இருந்தது.

சனிக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் ழான்-மார்க்குக்குப் போன் போட்டாள். கதவு சிக்கிக்கொண்டது, மாற்றுச் சாவியோடு உடனே வாருங்கள் என்றாள். அதன்பிறகு கதவை விட்டு நகரவே இல்லை. நெற்றியை மரத்தில் வைத்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றாள். மணி அடிக்கவில்லை. யாரும் தட்டவில்லை. கடைசியில் போன் அடித்தது. ழான்-மார்க் சிரித்துக்கொண்டே பேசினார்.

வந்துவிட்டுப் போய்விட்டாராம். கதவை அவள் கணவர்தான் திறந்தாராம். ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது, நானே சரிசெய்துவிட்டேன் என்றாராம். அமைதியான மனிதர். ஆனால் இரண்டு பேர் குடியிருப்பதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும் மதாம்.

அவள் போனைக் கீழே வைத்தாள். போலீசுக்கு அடிக்கலாம். அவர்களுக்கும் கதவு திறக்கும். அவர்களுக்கும் அமைதியாகப் பதில் வரும். வெகுநேரம் கழித்து அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். தமிழில், வாழ்க்கையில் முதல் தடவையாக. "அம்மா நாளைக்கு வா. என்னைக் கூட்டிட்டுப் போ."

பெற்றவள் முன்னால் எதுவும் நிற்காது. எட்டு மாதமாக எந்த அம்மாவைக் கண்டு ஓடினாளோ, அந்த அம்மாவையே பிடித்துக்கொண்டு அந்த இரவைக் கழித்தாள். பக்கத்து அறையில் யாரோ மெதுவாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு, பன்னிரண்டரை. மணி அடித்தது. நிஜமான மணி. ஆனைஸ் கோட்டுடன், பையுடன், கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடியைத் தொட்டதும் கதவு இலேசாகத் திறந்துகொண்டது.

செசில் மூச்சு வாங்க நின்றாள். கையில் டிபன் கேரியர், கம்பளித் தொப்பியில் மழைத்துளி. "என்னடி இது செய்தி, ராத்திரி பூரா நான் தூங்கல..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். கண்கள் மகளின் முகத்தைவிட்டு மேலே போயின. தோளுக்கு மேல். பின்னால்.

ஆறு வருஷமாக ஆனைஸ் பார்க்காத ஒரு முகம் அம்மாவுக்கு வந்தது. கண்கள் விரிந்தன. தொப்பியைக் கழற்றினாள். சால்வையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"வணக்கம் தம்பி" என்றாள்.

"அம்மா. போலாம். இப்பவே."

"சும்மா இருடி." செசில் ஸ்கார்ஃபைப் பிடித்து இழுத்தாள். மஞ்சள் கயிறு தெரிந்தது. "இதுக்குத்தான் வீட்ட விட்டுப் போனியா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? பரவாயில்ல. நல்ல நாள் பாத்துத் தங்கத்துல மாத்திக்கலாம். அதுவரைக்கும் இதக் கழட்டாத."

"அங்க யாரும் இல்லம்மா. பாரும்மா. யாருமே இல்ல."

"புருஷன நிக்க வச்சிக்கிட்டுப் பேசற பேச்சா இது? கோவம்னா பேசித் தீத்துக்கணும், அம்மா வீட்டுக்குப் பைய தூக்கக் கூடாது." மறுபடியும் பின்னால் பார்த்துச் சங்கோசமாகச் சிரித்தாள். ஏதோ பதில் கேட்டவள்போல் தலையை ஆட்டினாள். "ஐயோ, இல்ல தம்பி, நான் இன்னொரு நாள் சாவகாசமா வரேன். இவ இப்பிடித்தான். நீங்கதான் பொறுத்துக்கணும்."

ஆனைஸ் உப்பைத் தாண்டிக் குதித்தாள். ஒரு கால் வெளியே வந்தது. இரண்டாவது காலும். மாடிப்படியின் குளிர் காற்று முகத்தில் பட்டது. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். வந்துவிட்டாள். வெளியே வந்துவிட்டாள்.

செசில் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. மகளை அணைத்து, நெற்றியில் சிலுவை வரைந்து, தோள்களைப் பற்றி வாசலைப் பார்க்கத் திருப்பினாள். ஆஸ்பத்திரி வேலையில் எத்தனையோ நோயாளிகளைக் கட்டிலில் தூக்கிப் போட்ட கைகள் அவை. பிடியில் அன்பும் இருந்தது, பலமும் இருந்தது.

"மொதல்லயே நான் செய்ய வேண்டியது" என்றாள். "வலது கால எடுத்து வச்சி உள்ள போ."

"அம்மா, வேணாம்மா..."

தள்ளினாள்.

வலது கால்தான் முதலில் உப்பின்மேல் விழுந்தது. ஆனைஸ் சுதாரித்துத் திரும்புவதற்குள் அம்மா டிபன் கேரியரை உள்ளே வைத்துவிட்டு, போனை எடுத்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றாள். ஒரு சின்ன வெளிச்சம். பிறகு கதவு சாத்திக்கொண்டது. அம்மாவின் காலடி படிகளில் இறங்கியது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கைப்பிடி அசையவில்லை.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. பொண்டி வீட்டுக் குழுவில் அம்மா படத்தைப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே பெரியம்மா, மாமா, ரேயூனியனில் இருக்கும் சித்தி, வரிசையாக வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. ஜோடிப் பொருத்தம் என்று எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை முகத்திலேயே நல்ல குணம் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள்.

ஆனைஸ் படத்தைப் பெரிதாக்கினாள். அவள் மட்டும் நின்றாள். பக்கத்தில் இருட்டு நடை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, சாய்ந்த இடத்தில் எதுவும் இல்லை. கோட்டின் இடது தோளில், கம்பளித் துணி நான்கு இடங்களில் உள்ளே அமுங்கியிருந்தது.

திரும்பித் தன் தோளைப் பார்த்தாள். நான்கு பள்ளங்களும் அங்கேயே இருந்தன. ஐந்தாவது விரல் பிடரியில் இருந்தது. ஈரமாக, அவசரமில்லாமல், கயிற்றைத் தடவி எண்ணிக்கொண்டிருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.